மணிமுத்தாறு, பாபநாசம், திருப்புடைமருதூர்: ஒரு நாள் பைக் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

திருநெல்வேலிக்காரனிடம் "ஒரு நாள் லீவு, எங்க போகலாம்?" என்று கேட்டால் ஒரே மூச்சில் ஏழு அருவி பெயர் சொல்வான். கேட்ட கூட்டமும் ஏழையும் ஒரே நாளில் முடிக்கக் கிளம்பும். ராத்திரி வீடு திரும்பும்போது ஏழு இடத்தில் வண்டி நிறுத்திய சீட்டு பையில் இருக்கும். ஒரு இடத்திலாவது ஆசை தீரக் குளித்த நினைவு இருக்காது. நாங்களும் அப்படி இரண்டு தடவை போய் முதுகுவலியோடு வந்திருக்கிறோம்.

இப்போது எங்கள் கணக்கு ஒரு நாளைக்கு இரண்டே குளியல். காலையில் அருவி, சாயங்காலம் ஆறு. மற்றதெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் அடங்க வேண்டும். அடங்காததை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிடுவோம். கீழே சொல்வது அந்தக் கணக்குப்படி, திருநெல்வேலியில் கிளம்பித் திருநெல்வேலிக்கே திரும்பும் 150 கிலோமீட்டர் சொச்சம் சுற்று.

எந்த மாதம்

முதலில் மழையைப் புரிந்துகொள்ள வேண்டும். குற்றாலத்துக்குத் தண்ணீர் தருவது தென்மேற்குப் பருவக்காற்று. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை செங்கோட்டைக் கணவாய் வழியாக அந்தக் காற்றும் சாரலும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும். அதைத்தான் 'சீசன்' என்கிறோம். மணிமுத்தாறு வடகிழக்குப் பருவமழையை நம்பி இருக்கிற இடம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மலையில் கொட்டும். அப்போது அருவியில் வெள்ளம் வந்து, குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள்.

ஆகவே இந்தச் சுற்றுக்கு ஏற்றது ஜனவரியும் பிப்ரவரியும்தான். மழை நின்றிருக்கும், தண்ணீர் தெளிந்திருக்கும், ஆனால் வற்றியிருக்காது. வழி நெடுக பிசானப் பருவத்து நெல் பச்சையாகவோ, கதிர் முற்றி மஞ்சளாகவோ நிற்கும். காணும் பொங்கலன்று மட்டும் போகாதீர்கள். ஊரே கட்டுச்சோறு கட்டிக்கொண்டு ஆற்றுக்கும் அணைக்கும் வந்துவிடும். ஆடி அமாவாசையை ஒட்டிய நாட்களையும் விட்டுவிடுங்கள். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகும் கூட்டத்தில் பாபநாசம் பாதை திணறும்.

ஏப்ரல், மே மாதங்களில் வேறு வழியில்லை என்றால் பாபநாசம் அகஸ்தியர் அருவியை நம்பிப் போகலாம். மற்ற அருவிகள் பாறையைக் காட்டும் காலத்திலும் அதில் தண்ணீர் விழும்.

ஆளும் வண்டியும்

நாலு வண்டி, எட்டுப் பேர். அதற்கு மேல் போனால் டீக்கடையில் உட்கார இடம் கிடைக்காது, யாராவது ஒருவர் எப்போதும் காணாமல் போயிருப்பார். முன்வண்டியை வழி தெரிந்தவர் ஓட்ட வேண்டும். வேகமாக ஓட்டுபவரை முன்னால் விட்டால் மற்றவர்கள் அவரைத் துரத்துவதே நாள் முழுக்க வேலையாகிவிடும். இருப்பதிலேயே மெதுவான வண்டி இரண்டாவதாக வரட்டும். கடைசி வண்டியில் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவரும், பஞ்சர் கிட்டும், கிளட்ச் கேபிள் ஒன்றும். கண்ணாடியில் பின்வண்டி தெரியவில்லை என்றால் முன்வண்டி நிற்க வேண்டும். இந்த ஒரு விதியை ஒப்புக்கொள்ளாதவரைக் கூட்டிப் போக வேண்டாம்.

முந்தின நாள் சாயங்காலமே வண்டியைப் பார்த்துவிடுங்கள். செயினை லேசாகத் தூக்கிப் பார்த்தால் எவ்வளவு தொங்குகிறது என்று தெரியும். தொளதொளவென்று இருந்தால் இறுக்கி எண்ணெய் விட வேண்டும். காற்றை இரண்டு பேர் உட்காரும் கணக்குக்கு ஏற்றுங்கள். எவ்வளவு என்பது செயின் கவரிலோ கையேட்டிலோ எழுதியிருக்கும். பிரேக்கை அரைகுறையாக விட்டு மலை ஏறவே கூடாது. பெட்ரோலை ராத்திரியே நிரப்பிக்கொண்டால், காலையில் பங்கில் நின்று கழியும் இருபது நிமிடம் மிச்சம்.

ஹெல்மெட் ஓட்டுபவருக்கும் வேண்டும், பின்னால் இருப்பவருக்கும் வேண்டும். இல்லையென்றால் அபராதம் 1000 ரூபாய். குடித்துவிட்டு ஓட்டினால் 10,000. அபராதத்தை விடுங்கள், குடித்தவரை நாங்கள் தண்ணீருக்கும் விடுவதில்லை, வண்டிக்கும் விடுவதில்லை. பாட்டில் எடுத்து வருபவர் அடுத்த பயணத்தில் இல்லை.

பையில் என்ன இருக்க வேண்டும் என்று பெரிய பட்டியல் தேவையில்லை. ஒரு துண்டு, ஒரு மாற்றுத்துணி, நனையாத உறை ஒன்று, எவர்சில்வர் தண்ணீர் பாட்டில், பொதுவில் ஒரு முதலுதவிப் பொட்டலம். பிளாஸ்டிக் கவரும் பிளாஸ்டிக் பாட்டிலும் வனத்துறை சோதனைச்சாவடியில் பிடுங்கப்படும், அதனால் கிளம்பும்போதே தவிர்த்துவிடலாம். நல்லெண்ணெய் தேய்ப்பதென்றால் வீட்டிலேயே தலைக்கும் உடம்புக்கும் தேய்த்துவிட்டுக் கிளம்புங்கள். அருவியில் வைத்துத் தேய்த்தால் பாறை வழுக்கும், பின்னால் வருபவர் விழுவார். சோப்பு, ஷாம்பு, சீயக்காய் எதுவும் தண்ணீர்ப் பக்கம் வேண்டாம்.

காலை ஐந்தரை: பேட்டையிலிருந்து கல்லிடைக்குறிச்சி

ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும் என்றால் ஐந்து என்று சொல்லி வையுங்கள். எங்கள் கூட்டத்தில் ஒருவர் இருக்கிறார், போன் பண்ணினால் "பாலத்துக்கு வந்துட்டேன்டே" என்பார். பின்னணியில் அவர் வீட்டு மிக்சி ஓடும்.

டவுன், பேட்டை தாண்டிச் சேரன்மகாதேவி சாலையைப் பிடித்தால், ஊர் முடிந்ததும் வயலும் வாய்க்காலும் கூடவே வரத் தொடங்கும். இந்தப் பச்சைக்குக் காரணம் தாமிரபரணியில் அடுத்தடுத்துக் கட்டியிருக்கும் எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் பக்கம் கடலில் சேரும்வரை இந்த ஆறு ஓடும் தூரம் சுமார் 128 கிலோமீட்டர்தான். அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் எத்தனை கை அதைப் பங்கு போட்டுக்கொள்கிறது என்பது வாய்க்கால் ஓரமாகவே வண்டி ஓட்டினால் புரியும்.

சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி. ஊர்கள் நெருக்கமாக இருப்பதால் வேகம் கூட்ட இடமில்லை, கூட்டவும் வேண்டாம். வேகத்தடைகள் பாதிக்கு வெள்ளைக்கோடு இருக்காது. அறுவடைக் காலத்தில் வைக்கோலை ரோட்டில் பரப்பியிருப்பார்கள். பார்க்க மெத்தை மாதிரி இருக்கும், ஆனால் அதன் மேல் பிரேக் பிடித்தால் முன்சக்கரம் தனியாகப் போகும். வைக்கோலைக் கண்டதும் ஆக்சிலரேட்டரை விட்டு, பிரேக்கைத் தொடாமல், நேராக உருட்டிக்கொண்டு தாண்டிவிடுங்கள்.

டிபன் கல்லிடைக்குறிச்சியில். இட்லி, வடை, காப்பி, அதோடு நிறுத்துங்கள். பூரி, பொங்கல் என்று இறங்கினால் அருவியில் வயிறு பதில் சொல்லும். அப்பளத்துக்குப் பேர் போன ஊர். வாங்குவதென்றால் திரும்பி வரும்போது வாங்குங்கள். காலையிலேயே வாங்கி டிக்கியில் போட்டு, மலைப்பாதையில் குலுக்கி, ராத்திரி வீட்டில் அப்பளத் தூளைக் கொடுத்தவன் நான்.

மணிமுத்தாறு: முதல் குளியல்

கல்லிடைக்குறிச்சியிலிருந்து தெற்கே பிரிந்தால் கொஞ்ச நேரத்தில் அணையின் நீண்ட கரை கண்ணில் படும். காமராசர் முதல்வராக இருந்த காலத்தில் கட்டியது. கொள்ளளவு மட்டம் 118 அடி. அணையைச் சாவகாசமாகப் பிறகு பார்க்கலாம், முதலில் அருவி. பாதை அணைக்கு மேலே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் நுழைகிறது. 1988இல் அறிவிக்கப்பட்டது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். அதனால் சாவடி, பதிவு, கட்டணம், நேரம் எல்லாம் உண்டு. இரு சக்கர வண்டியை எதுவரை விடுவார்கள் என்பது அடிக்கடி மாறும். மேலே மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் வரை ஏறிவிடலாம் என்று மட்டும் கனவு காண வேண்டாம். அருவிக்கே அன்று அனுமதி உண்டா என்று முந்தின நாள் அம்பாசமுத்திரம் பக்கத்துத் தெரிந்தவர் யாரிடமாவது கேட்டுக்கொள்வது நல்லது. மழை பெய்தால் காலை எட்டு மணிக்குக்கூடத் தடை அறிவிப்பார்கள்.

சாவடியில் இருப்பவரிடம் பேச்சை வளர்க்காதீர்கள். "அண்ணாச்சி, எட்டுப் பேரு, நாலு வண்டி, பிளாஸ்டிக் கிடையாது" என்று சொல்லிப் பையைத் திறந்து காட்டினால் இரண்டு நிமிடத்தில் வேலை முடியும்.

ஏறும்போது இரண்டாவது கியர், ஹாரன் வேண்டாம். இறங்கும்போதும் அதே இரண்டாவது கியர்தான். நியூட்ரலில் உருட்டிப் பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று கிளம்புபவர் எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிமானம் விட்டுப்போகும், இன்ஜினைக் கியரில் விட்டால் பாதி வேலையை அது பார்த்துக்கொள்ளும்.

குரங்குகளைப் பற்றி ஒரு வார்த்தை. வண்டியில் கட்டிய பை அவற்றுக்குச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜிப் திறக்கத் தெரியும், டேங்க் கவரைக் கிழிக்கத் தெரியும். சாப்பாட்டுப் பொட்டலம் எப்போதும் ஆள் கையிலேயே இருக்கட்டும்.

இனி குளியல். வெளியூர்க்காரர்கள் போன வேகத்தில் தலையைக் கொண்டுபோய் அருவிக்குக் கீழே கொடுப்பார்கள். மூச்சு முட்டி உடனே வெளியே வருவார்கள். இங்கே பெரியவர்கள் குளிப்பதைக் கவனித்தால் வித்தியாசம் தெரியும். முதலில் காலை நனைத்து, கையால் அள்ளி நெஞ்சில் தெளித்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு முதுகைக் கொடுப்பார்கள். தண்ணீர் தோளில் அடி அடியென்று அடிக்கும். உடம்பு அந்தக் குளிருக்குப் பழகிய பிறகுதான் தலை. தலை உள்ளே போனதும் வெளிச்சத்தம் எதுவும் கேட்காது. பக்கத்தில் நிற்பவன் வாயசைப்பது தெரியும், என்ன சொல்கிறான் என்று தெரியாது. பத்து நிமிடம் நின்று வெளியே வந்தால், போன வாரம் ஆபீசில் யார் மேல் கோபம் என்பதே மறந்திருக்கும்.

அருவி விழும் இடத்துத் தடாகம் ஆழமானது. கம்பிக்கு அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க வேண்டாம். பாறையில் கறுப்பாகப் பளபளப்பது நனைந்த கல் இல்லை, பாசி. சொரசொரப்பான வெளிறிய கல்லில் மட்டும் கால் வையுங்கள்.

வெள்ளம் வரும் அறிகுறி

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2024 மே 17ஆம் தேதி பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. இந்த மாதிரி வெள்ளத்துக்கு நாம் நிற்கும் இடத்தில் மழை பெய்ய வேண்டும் என்பதில்லை. மேலே, நம் கண்ணுக்குத் தெரியாத மலையில் கொட்டினால் போதும். இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்.

தெளிவாக விழுந்த தண்ணீர் செம்மண் நிறத்துக்குக் கலங்கினால், சருகும் சுள்ளியும் சேர்ந்து வந்தால், அருவியின் சத்தம் கனத்தால், ஒன்றுகூடப் போதும், வெளியே வந்துவிடுங்கள். துண்டு, செருப்பு, போன் எதையும் எடுக்கத் திரும்ப வேண்டாம். சங்கு ஊதினாலோ காவலர் விசில் அடித்தாலோ "இன்னும் ரெண்டு நிமிஷம்" என்ற பேச்சே கூடாது. வெளியே வந்தால் ஆற்றோடு கீழே ஓடாமல், பக்கவாட்டில் மேடு பார்த்து ஏறுங்கள்.

எட்டுப் பேரில் ஒருவர் எப்போதும் தண்ணீருக்கு வெளியே. முறை வைத்து மாறிக்கொள்ளலாம். அவர் வேலை மேலே பார்ப்பது. செல்பி எடுப்பது அதில் சேராது.

பாபநாசம்: நடுப்பகல்

மணிமுத்தாறிலிருந்து பத்தரைக்கு இறங்கினால் கல்லிடைக்குறிச்சி பக்கம் ஆற்றைத் தாண்டி அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் வழியாகப் பாபநாசம். விக்கிரமசிங்கபுரத்தில் பழைய நூற்பாலை வளாகம் கண்ணில் படும். பாபநாசத்துத் தண்ணீரின் விசையை நம்பி 19ஆம் நூற்றாண்டிலேயே இந்த மலையடிவாரத்துக்கு வந்த ஆலை அது. ஆற்றை நம்பி வயல் மட்டும் இல்லை, சம்பளமும் இருந்திருக்கிறது.

வெயில் ஏறியிருக்கும். சாப்பாட்டை முதலில் முடித்துவிடலாம். மதியச் சாப்பாட்டுக்கு வழியில் ஓட்டல் உண்டு, ஆனால் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எங்களுக்கு ஒரு கடையில் ஒன்றேகால் மணி நேரம் போயிற்று. பிறகு வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வரத் தொடங்கினோம். புளியோதரை, தேங்காய்த் துவையல், உருளைக்கிழங்குப் பொரியல், வாழை இலையில். கெடாது, சிந்தாது, எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் சாப்பிடலாம். இலையைத் திரும்ப எடுத்து வந்து குப்பைத்தொட்டியில் போடுங்கள். காட்டுக்குள் வைத்துச் சாப்பிடுவது வேண்டாம், ஊர் எல்லையிலேயே முடித்துவிடுங்கள்.

பிறகு பாபநாசநாதர் கோயில் படித்துறை. குளிக்க அவசரம் இல்லாத இடம். படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டால் மீன்கள் வந்து கடிக்கும், கூச்சம் தாங்காமல் முதல் தடவை எல்லோரும் காலைத் தூக்குவார்கள். பொரி வாங்கிப் போட்டால் தண்ணீரே கொதிப்பது போல் மீன்கள் மொய்க்கும். அடிக்கிற வெயிலுக்கு ஒரு மணி நேரம் இப்படியே போகட்டும். ஓட்டியவர்கள் மண்டப நிழலில் கண்ணை மூடிக்கொள்ளலாம்.

அகஸ்தியர் அருவி இங்கிருந்து மேலே, சாவடி தாண்டிச் சில கிலோமீட்டர். மணிமுத்தாறில் அன்று தடை என்றால் முதல் குளியலை இங்கே மாற்றிக்கொள்ளுங்கள். அங்கே குளித்திருந்தால் இதை விட்டுவிடுங்கள் என்பதுதான் என் கட்சி. கூட்டத்தில் பாதி கேட்காது. "இவ்வளவு தூரம் வந்துட்டு..." என்று ஆரம்பிப்பார்கள். ஏறினால் மூன்றரைக்குள் இறங்கிவிட வேண்டும், அப்போதுதான் சாயங்கால ஆறு கிடைக்கும். பாணதீர்த்தம் அருவி எங்கே என்று கேட்பவருக்கு: அது காரையாறு அணைக்கு அந்தப் பக்கம், நினைத்தபடி போய்க் குளிக்கிற இடம் இல்லை. குறுக்கு வழி காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் போகாதீர்கள்.

திருப்புடைமருதூர்: சாயங்கால ஆறு

அம்பாசமுத்திரம் தாண்டி வீரவநல்லூர் வந்து வடக்கே பிரிந்தால் திருப்புடைமருதூர். கடனாநதி தாமிரபரணியோடு சேரும் இடம். அருவிக்கு வரும் கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட இந்தப் பக்கம் திரும்புவதில்லை. நல்லதுதான்.

நாறும்பூநாதர் கோயில் ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. திறந்திருந்தால் ராஜகோபுரத்தின் உள் நிலைகளில் ஏறிப் பார்க்க அனுமதி கேளுங்கள். ஐந்து நிலையிலும் பழைய சுவரோவியங்கள், தூண்களில் மரச்சிற்பங்கள். ஊரில் உள்ள மருத மரங்களிலும் இலுப்பை மரங்களிலும் கொக்கு, நாரை, நீர்க்காகம் கூடு கட்டும். 2005இல் இதைப் பறவைகளுக்கான பாதுகாப்பிடமாக அறிவித்தார்கள், நாட்டிலேயே அந்த வகையில் முதலாவது. ஹாரன், புளூடூத் ஸ்பீக்கர் இரண்டையும் ஊர் எல்லையிலேயே அணைத்துவிடுங்கள்.

ஆற்றுக் குளியலுக்கு வேறு கணக்கு. அருவி சத்தம் போட்டு எச்சரிக்கும், ஆறு அப்படியில்லை. மேலே தெளிந்து அசையாமல் இருக்கும் இடத்தில்தான் மணல் அள்ளிய குழி இருக்கும். இடுப்பளவு தண்ணீரில் நடந்துகொண்டே இருக்கும்போது அடுத்த அடியில் தரை இல்லாமல் போகும். ஊர்க்காரர்கள் குளிக்கிற துறையில், அவர்கள் நிற்கும் எல்லைக்குள் மட்டும் இறங்குங்கள். துணி துவைக்கும் ஆச்சியிடம் "எங்க வரைக்கும் போகலாம் ஆச்சி?" என்று கேட்டால் கையை நீட்டிக் கல்லைக் காட்டுவார். அந்தக் கல்தான் எல்லை. பாலத்திலிருந்தோ பாறையிலிருந்தோ குதிக்க வேண்டாம். மேலே அணையில் தண்ணீர் திறந்தால் மட்டம் ஏறும். இறங்கும்போது எந்தப் படி நனைந்திருக்கிறது என்று பார்த்துவைத்துக்கொண்டால், ஏறுகிறதா என்று உடனே தெரியும்.

சாவி. இதை என் செலவில் கற்றேன். சேரன்மகாதேவி பக்கத்தில் ஒரு தடவை சாவியை டிரவுசர் பையிலேயே வைத்துக்கொண்டு ஆற்றில் இறங்கினேன். ஏறியபோது பை மட்டும் இருந்தது. ஏழு பேர் முழங்கால் தண்ணீரில் குனிந்து, இருட்டும்வரை மணலைத் துழாவினார்கள். கிடைத்தது ஒரு பத்து ரூபாய் நாணயமும் யாருடைய கொலுசோ ஒன்றும். கடைசியில் வீட்டிலிருந்து மாற்றுச் சாவியைத் தம்பி பஸ்ஸில் கொண்டுவந்தான், மணி ஒன்பதரை. அன்றிலிருந்து எல்லாச் சாவியும் ஒரே கயிற்றில் கோத்து, கரையில் நிற்கும் ஆள் கழுத்தில்.

சாரல் காலத்தில் போனால்

ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை என்றால் இந்தச் சுற்றை விட்டுவிட்டு ஆலங்குளம், பாவூர்சத்திரம், தென்காசி வழியாகக் குற்றாலம். ஒரு வழி சுமார் 60 கிலோமீட்டர். அங்கேயும் இரண்டே குளியல்: விடியலில் ஐந்தருவி, மதியத்துக்கு மேல் பழைய குற்றாலம். பேரருவியைக் கூட்டம் பார்த்து முடிவு செய்யுங்கள். பாறையின் நடுவில் உள்ள பொங்குமாகடல் என்ற பள்ளத்தில் தண்ணீர் விழுந்து பொங்கி வருவதால்தான் அதன் கீழே நம்மால் நிற்க முடிகிறது. சாரலில் ரோடு நாள் முழுக்க ஈரம், வேகத்தைப் பாதியாக்குங்கள். பிரானூர் பார்டர் பரோட்டாவைக் குளியலுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள், முன்னால் வேண்டாம்.

திரும்பும் வழி

இருட்டுவதற்கு முன் ஆற்றைவிட்டு ஏறிவிட வேண்டும். ஈரத்துணியோடு வண்டி ஓட்டினால் சேரன்மகாதேவி வருவதற்குள் கை விறைக்கும், மாற்றுத்துணி இதற்குத்தான். கிளம்பியதும் முதல் அரை கிலோமீட்டர் மெதுவாக உருட்டி, பிரேக்கை இரண்டு மூன்று தடவை லேசாகப் பிடித்து விடுங்கள். நனைந்த பிரேக் இப்படித்தான் காயும். விளக்கில்லாத டிராக்டர், ரோட்டோரம் கட்டிய மாடு, கண்ணில் விழும் பூச்சி, மூன்றும் இந்தச் சாலையில் ராத்திரி நிச்சயம். வைசரை இறக்கிவிட்டு நாற்பதிலேயே வாருங்கள்.

பேட்டை வந்ததும் ஒரு டீக்கடையில் நின்று கணக்கை முடித்துவிடுவது எங்கள் வழக்கம். பெட்ரோல் அவரவர் வண்டிக்கு இரண்டு பேரும் பாதி, மற்றதெல்லாம் எட்டுப் பங்கு. "அப்புறம் பாத்துக்கலாம்" என்று விட்ட கணக்கு எதுவும் பிறகு பார்க்கப்பட்டதில்லை. மறுநாள் காலை செயினைக் கழுவி எண்ணெய் விட்டு, ஹெல்மெட்டை வெயிலில் கவிழ்த்து வையுங்கள். அப்பளத்தை மறக்காமல் டிக்கியிலிருந்து எடுத்துவிடுங்கள்.